பரீட்சை டென்ஷனுக்கும் உதட்டுக் கொப்புளத்துக்கும் என்ன தொடர்பு?

கொழிஞ்சாம்பாறையில் பிளஸ் டூ படிக்கும் மகளுக்குப் பரீட்சைதோறும் சளியும் உதட்டில் கொப்புளமும் வருகிறது, டென்ஷன்தான் காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள். நம் பாலக்காட்டுப் பக்கம் எல்லாப் பழியும் கணவாய்க் காற்றுக்குத்தான் போகும். உங்கள் சந்தேகத்திலும் நியாயம் இருக்கிறது.

பயம் வந்ததும் முதலில் முந்துவது நரம்பு. ஆபத்தில் உடலை உசுப்பும் பரிவு நரம்புகள் நார்அட்ரினலினையும், சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பி அட்ரினலினையும் விடும். அந்தச் சில நிமிடங்களில் ரத்தத்தில் நோயை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் கூடத்தான் செய்யும். ஆகவே, டென்ஷன் ஆனாலே எதிர்ப்புச் சக்தி போச்சு என்பது அரைகுறைப் பேச்சு.

நாள்கணக்கில் நீண்டால்தான் சிக்கல். மூளையில் உள்ள ஹைப்போதலாமஸ் அதன் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்ட, பிட்யூட்டரி அட்ரினலைத் தூண்ட, கார்ட்டிசால் என்ற ஹார்மோன் சுரக்கிறது. அது அழற்சியைக் கிளப்பும் சைட்டோகைன்கள் என்ற செய்திப் புரதங்களை அடக்கும். வெள்ளை அணுக்களில் ஒரு வகையான டி அணுக்கள் பெருகுவதையும் குறைக்கும். உதட்டுக் கொப்புளத்தை உண்டாக்கி, நரம்பு முடிச்சில் பதுங்கியிருக்கும் ஹெர்பிஸ் வைரஸுக்குக் காவல் இந்த டி அணுக்கள்தான். காவல் தளர்ந்தால் வைரஸ் நரம்பு வழியே உதட்டுக்கு வந்துவிடும். மாதக்கணக்கில் நீடித்தாலோ தலைகீழ்க் கதை: அணுக்கள் கார்ட்டிசாலின் பேச்சைக் கேட்காமல் போய், அழற்சி அடங்காமல் நிற்கும்.

சளிக்கும் சான்று உண்டு. 1991-ல் வெளியான உளவியலாளர் ஷெல்டன் கோயனின் ஆய்வில் 394 பேரின் மூக்கில் சளி வைரஸை விட்டார்கள். மன அழுத்தம் கூடியவர்களுக்கே சளி அதிகம் பிடித்தது. பரீட்சை நேரத்தில் தூக்கம் கெடுவதும் இதோடு சேரும்.

கொப்புளம் அடிக்கடி வந்தாலோ கண்ணருகே வந்தாலோ டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.