கில்கால் தோட்டம்: எதை வாசித்துவிட்டுப் போவது?

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் மகன் வீட்டில் தங்கியிருந்தபோது கில்கால் சிற்பத் தோட்டத்துக்குப் போனேன். வேதாகமச் சிற்பங்கள் என்றார்கள். நான் கண்டது சிதறிக் கிடந்த கைகால்களும், சிங்க உடலும் மனித முகமும் கொண்ட ஒரு ஸ்பிங்ஸும்தான். இருபது நிமிடத்தில் திரும்பிவிட்டேன். மறுபடி போகிறேன். எப்படிப் பார்க்க வேண்டும்?

எம்.

அன்புள்ள எம்.,

அந்தக் கைகால்கள் வேதாகமத்தில் தானியேல் 2-ஆம் அதிகாரம். பாபிலோன் அரசன் நேபுகாத்நேச்சார் கனவில் கண்ட பெருஞ்சிலையைக் கைகளால் பெயர்க்கப்படாத ஒரு கல் மோதி நொறுக்குகிறது. சிலை விழுந்தபின் உள்ள நிலையைத்தான் அங்கே வைத்திருக்கிறார்கள். அதிகாரத்தை வாசிக்காமல் போகிறவருக்கு அது கைவிடப்பட்ட கல்பட்டறை போலத்தான் தோன்றும். அந்தத் தோட்டத்தில் வசனம்தான் முதலில், சிற்பம் அதற்கு அடுத்தது.

போவதற்கு முன் யோசுவா 4, 5, தானியேல் 2, யோபு 19, பிரசங்கி 12 ஆகியவற்றை வாசியுங்கள். அரை மணி நேரம் போதும். தோட்டத்தின் பெயரே யோசுவா 4-இலிருந்து வந்தது. யோர்தானைக் கடந்த இஸ்ரவேலர் ஆற்றிலிருந்து எடுத்த 12 கற்களைக் கில்காலில் நாட்டுகிறார்கள். பிற்காலத்தில் பிள்ளைகள் ‘இந்தக் கற்கள் ஏன்?’ என்று கேட்கும்போது பதில் சொல்வதற்காக. 5-ஆம் அதிகாரத்தில் வரும் கர்த்தருடைய சேனையின் அதிபதிக்கும் அங்கே ஒரு சிலை உண்டு. தலை இருக்க வேண்டிய இடத்தில் செதுக்காத பாறை. உடைந்துபோனது என்று நினைத்துவிடாதீர்கள், செய்ததே அப்படித்தான்.

அதிக நேரம் கொடுக்க வேண்டியது பிரசங்கி 12-க்கு. முதுமையை ஒரு வீடாகச் சொல்லும் அதிகாரம் அது. நடுங்கும் காவலாளிகள் கைகள். கூனிப்போகும் பலசாலிகள் கால்கள். எண்ணிக்கை குறைந்து ஓய்ந்துபோகும், மாவரைக்கும் ஏந்திரக்காரர் பற்கள். பலகணி வழியே பார்த்து இருண்டுபோகிறவர்கள் கண்கள். காலங்காலமாக அதற்குச் சொல்லப்படும் பொருள் இதுதான். வசனத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு உருவமாகத் தேடுங்கள். வேதாகமத்தைக் கல்லில் சொன்னவர்களில் இந்த அதிகாரத்தைத் துணிந்து எடுத்தவர்கள் மிகக் குறைவு.

செய்தவர் தாமஸ் பாட்டர்ஸ்பி சைல்ட். கட்டட ஒப்பந்ததாரர். பிற்காலப் பரிசுத்தவான்களின் சபையில், அதாவது மார்மன் சபையில், பிஷப்பாக இருந்தவர். அந்தச் சபையில் பிஷப் என்பவர் சம்பளம் வாங்காமல் ஒரு வட்டாரச் சபையைக் கவனிப்பவர். 1945-இல் தொடங்கி 1963-இல் இறக்கும்வரை தம் வீட்டுத் தோட்டத்திலேயே வேலை செய்தார். ஸ்பிங்ஸின் முகம் அந்தச் சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித்துடையது. வாழ்க்கையின் பெரிய கேள்விகளுக்கு விடை அறிவால் அல்ல, விசுவாசத்தால் மட்டுமே கிடைக்கும் என்பது சைல்டின் எண்ணம். ஸ்பிங்ஸ் அதற்கான அடையாளம். சிற்பி மாரிஸ் புரூக்ஸ் உதவியிருக்கிறார். உளி மட்டுமல்ல, இரும்பு வெட்டும் ஆக்சி-அசிட்டிலின் டார்ச்சாலும் கல்லைச் செதுக்கினார்கள். சூட்டில் கல்லின் மேற்பரப்பு உருகிப் பளபளப்பு ஏறியிருக்கும். பக்கவாட்டில் நின்று பார்த்தால் தெரியும். செங்கல்லால் கட்டிய கால்சட்டையோடு நிற்பவர் சைல்டேதான், கையிடுக்கில் வேதாகமத்துடன்.

சிற்பங்கள் 12, எழுத்து வெட்டிய கற்கள் 70-க்கு மேல். நீங்கள் தவறவிட்டது பெரும்பாலும் இந்தக் கற்களைத்தான். பல கற்கள் காலடியிலேயே கிடக்கின்றன. உச்சி வெயிலில் வெட்டெழுத்துக்குள் நிழல் விழாது, வாசிக்க முடியாது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை காலை 8 மணிக்குத் திறப்பார்கள், அப்போதே போய்விடுங்கள். சாய்ந்த வெயிலில் எழுத்து எழுந்து நிற்கும். குளிர்காலத்தில் 9 முதல் 5 வரைதான். பனி பெய்திருந்தால் தரைக்கல் ஒன்றும் தெரியாது. எழுத்து தெரியவில்லை என்று சுண்ணக்கட்டியால் தேய்க்கவோ சுரண்டவோ கூடாது. டார்ச் விளக்கைப் பக்கத்திலிருந்து தாழ்த்திப் பிடித்தாலே போதும்.

முகவரி 749 கிழக்கு, 500 தெற்கு. ‘500 தெற்கு’ என்பதுதான் தெருவின் பெயர், 749 கட்டட எண். இதை மாற்றிப் புரிந்துகொண்டு வேறு மூலைக்குப் போகிறவர்கள் உண்டு. தெருவின் வடபக்கம், வீடுகளுக்கு நடுவே குறுகிய வழி. தோட்டம் உள்ளே தள்ளி இருப்பதால் வண்டியில் போனால் கண்ணில் படாது. டிராக்ஸ் ரயிலில் டிராலி நிலையத்தில் இறங்கி நடப்பது எளிது. 2000-இலிருந்து அது நகரப் பூங்கா, கட்டணம் இல்லை. ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். அதில் பாதியையாவது பிரசங்கிக்குக் கொடுங்கள்.