வாசகர் கேள்வி: சொந்தத் துப்பாக்கி டூட்டிக்குப் போகும்போது

கேள்வி: அண்ணா, திருநெல்வேலியில் பிறந்து சின்ன வயதிலேயே டெக்சாஸ் வந்துவிட்டேன். இப்போது அகாடமி முடித்து, டாலஸுக்கு வடக்கே ஒரு சிறிய ஊர் போலீஸில் சேர்ந்திருக்கிறேன். எங்கள் டிபார்ட்மென்ட் கைத்துப்பாக்கி தருவதில்லை. அனுமதிப் பட்டியலில் உள்ள ஒன்றை நாமே வைத்துக்கொள்ள வேண்டும். என்னிடம் ஏற்கெனவே இருக்கும் க்ளாக் 19, ஐந்தாம் தலைமுறை, அந்தப் பட்டியலில் இருக்கிறது. ட்ரிகரை லேசாக்கு, ரெட் டாட் (குறிபார்க்கச் சிவப்புப் புள்ளி காட்டும் கருவி) போடு, ஸ்லைடின் (துப்பாக்கியின் மேலே நகரும் உலோகப் பகுதி) பின்தகட்டில் மண்டை ஓடு பொறி என்று நண்பர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். கையில் 600 டாலர் இருக்கிறது. எதில் தொடங்கட்டும்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், டெக்சாஸ்

பதில்: தம்பி, வாழ்த்துகள். ஹூஸ்டன் பக்கம் ஷெரிஃப் அலுவலகம் ஒன்றில் ஆர்மரராகவும் (துப்பாக்கிகளைப் பராமரிப்பவர்) சுடும் பயிற்சியாளராகவும் இருந்து ஓய்வு பெற்றவன் நான். உங்களைப் போல சொந்தத் துப்பாக்கியோடு வந்த எத்தனையோ பிள்ளைகளின் க்ளாக்கை மேசையில் பிரித்துப் பார்த்திருக்கிறேன். துப்பாக்கிக்கு உள்ளே எதையும் தொடாதீர்கள், பணத்தை வெளியே செலவழியுங்கள் என்றுதான் அவர்களிடமும் சொல்வேன்.

ட்ரிகரை முதலில் பேசிவிடுவோம். கம்பெனியிலிருந்து வரும்போது க்ளாக் ட்ரிகரை இழுக்கத் தேவையான எடை சுமார் 5.5 பவுண்டு, அதாவது இரண்டரை கிலோ. போட்டியில் லேசான ட்ரிகர் பரிசு வாங்கித் தரலாம். டூட்டியில் கதையே வேறு. நீங்கள் துப்பாக்கியை நீட்டுகிற பெரும்பாலான தடவைகளில் சுடவே போவதில்லை. ராத்திரி மழையில், ஒரு கையால் ரேடியோவில் பேசிக்கொண்டே, எதிரில் இருப்பவரை மண்டியிடச் சொல்லி நிற்பீர்கள். நெஞ்சு படபடக்கும், விரல் நம் பேச்சைக் கேட்காது. அந்த நேரத்தில் அந்த இரண்டரை கிலோ அவருக்கும் பாதுகாப்பு, உங்களுக்கும் பாதுகாப்பு. அதற்காகக் கூட்டவும் வேண்டாம். நியூயார்க் நகரப் போலீஸ் பல வருஷம் 12 பவுண்டு ட்ரிகர் வைத்திருந்தது; அவ்வளவு இழுத்தால் குறி தவறும் என்பது என் கருத்து.

லேசாக்குவதாகச் சொல்லி விற்கும் கிட்களில் பலவும் உள்ளே இருக்கும் ஸ்பிரிங்குகளை மாற்றுகின்றன. ஊசியைத் தள்ளும் ஸ்டிரைக்கர் ஸ்பிரிங் பலவீனமானால் ஊசி தோட்டாவின் அடியில் உள்ள பிரைமரை மெதுவாகத்தான் தட்டும். சில தோட்டா வெடிக்காமல் போகும். ட்ரிகரை இழுக்காதவரை ஊசியைத் தடுத்து வைக்கும் ஃபயரிங் பின் சேஃப்டியின் ஸ்பிரிங்கை மாற்றுவது அதைவிட மோசம். கீழே விழுந்தாலும் க்ளாக் வெடிக்காமல் இருக்கக் காரணமான மூன்று சேஃப்டிகளில் அதுவும் ஒன்று. போதாக்குறைக்கு, நாளைக்கு ஏதாவது நடந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கும் முதல் கேள்வி, "ட்ரிகரை எதற்காக மாற்றினீர்கள்?" என்பதாகத்தான் இருக்கும்.

மண்டை ஓடு வேண்டவே வேண்டாம். 2016-ல் அரிசோனாவின் மெசா நகரில், ஆயுதம் இல்லாமல் தரையில் தவழ்ந்து வந்த ஒருவரை ஒரு போலீஸ்காரர் ஏ.ஆர்.-15 துப்பாக்கியால் சுட்டுக் கொன்றார். அவருடைய சொந்தத் துப்பாக்கி அது. அதன் மூடித்தகட்டில் ஒரு கெட்ட வார்த்தை பொறித்திருந்தார். அந்த வாசகத்தை ஜூரியிடம் காட்ட நீதிபதி அனுமதிக்கவில்லை. 2017-ல் அவர் விடுதலையும் ஆனார். ஆனால் டிபார்ட்மென்ட் அவரை வேலையை விட்டு நீக்கியபோது சொன்ன காரணங்களில் அந்தப் பொறிப்பும் இருந்தது. உங்கள் துப்பாக்கியில் கம்பெனி பெயரும் சீரியல் நம்பரும் இருந்தால் போதும்.

சரி, 600 டாலருக்கு வருவோம். முதலில் துப்பாக்கியில் மாட்டும் லைட். ஏனென்றால் ஹோல்ஸ்டரை (இடுப்பில் மாட்டும் துப்பாக்கி உறை) லைட்டின் அளவுக்குத்தான் செய்கிறார்கள். லைட்டை முடிவு செய்யாமல் ஹோல்ஸ்டர் வாங்கினால் இரண்டாவது தடவையும் பணம் கட்டுவீர்கள். க்ளாக் 19-க்கு ஸ்ட்ரீம்லைட் டி.எல்.ஆர்.-7 அளவாக இருக்கும். சுவிட்ச் லைட்டிலேயே, கட்டைவிரலோ ஆள்காட்டி விரலோ தட்டும் இடத்தில் இருக்கட்டும். பிடியின் முன்பக்கம், ட்ரிகர் வளையத்துக்குக் கீழே அழுத்துகிற சுவிட்ச் கூடவே கூடாது. 2010-ல் உங்கள் பக்கத்துப் பிளேனோவிலேயே அப்படி ஒரு துயரம் நடந்தது. லைட்டைப் போடத்தான் அழுத்தினேன் என்றார் அந்த அதிகாரி. ஆனால் துப்பாக்கி வெடித்து எதிரே இருந்த இளைஞர் இறந்துபோனார். லைட்டையும் துப்பாக்கியையும் ஒரே கையின் விரல்கள் இயக்குவதால் வரும் ஆபத்து இது. அதனால் யாரையாவது தேட வேண்டுமென்றால் கையில் தனியாக ஒரு டார்ச் வைத்துத் தேடுங்கள். துப்பாக்கியில் உள்ள லைட் தேடுவதற்கானது அல்ல.

ஒரு சின்ன விஷயம். சுடும் பயிற்சிக்கு முன்னால் லைட்டின் கண்ணாடியில் கொஞ்சம் வாசலின் தடவிக்கொள்ளுங்கள். முடிந்ததும் துணியால் துடைத்தால் கரிப்புகை மொத்தமும் வந்துவிடும். தடவாமல் விட்டால் அது கண்ணாடியில் இறுகிப்போய், நகத்தால் சுரண்டினாலும் போகாது.

அடுத்தது ஹோல்ஸ்டர். இதில் மட்டும் ஒரு டாலர்கூட மிச்சம் பிடிக்காதீர்கள். டூட்டிக்கு மூன்றாம் நிலைப் பூட்டு உள்ளதை வாங்குங்கள். சேஃபரிலேண்டின் 6360 வகையில் மேலே ஒரு வளையம் மூடிக்கொள்ளும். உள்ளே ஸ்லைடைத் தானாகப் பிடித்துக்கொள்ளும் பூட்டு ஒன்றும் இருக்கும். பின்னால் இருந்து யாராவது பிடுங்கினால் வராது. உங்களுக்கும் முதலில் சீக்கிரம் வராது. துப்பாக்கியைக் காலி செய்து, தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு, தினமும் எடுத்து எடுத்துப் பழகுங்கள்.

மூன்றாவது சைட், அதாவது குறிபார்க்கும் முனைகள். க்ளாக்கோடு வரும் சாதாரண சைட் பிளாஸ்டிக். டூட்டி ஹோல்ஸ்டரில் உரசி உரசி முன் சைட்டின் ஓரம் மழுங்கி, வெள்ளைப் புள்ளி நிலாத் தேய்ந்த மாதிரி ஆன துப்பாக்கிகள் நிறைய என் மேசைக்கு வந்திருக்கின்றன. இரும்பில் செய்த டிரிட்டியம் சைட் போட்டுக்கொள்ளுங்கள். இருட்டில் தானே ஒளிரும். டிரிட்டியத்தின் அரை ஆயுள் 12.3 வருஷம், அதாவது அதற்குள் ஒளி பாதியாகிவிடும். பழைய சரக்கை மலிவாகத் தந்தால் தயாரித்த வருஷத்தைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

இந்த மூன்றும் உங்கள் பணத்துக்குள் அடங்கிவிடும். நல்ல ரெட் டாட் ஒன்று அந்தப் பணம் முழுவதையும் விழுங்கிவிடும். அது நல்ல பொருள்தான், நானே விரும்பிப் பயன்படுத்துகிறேன். ஆனால் உங்கள் ஸ்லைடு எம்.ஓ.எஸ். வகையாக (ரெட் டாட் மாட்ட கம்பெனியிலேயே குடைந்து வருவது) இல்லையென்றால் அதைக் குடைய வேண்டும், ஹோல்ஸ்டரும் அதற்கேற்றதாக இருக்க வேண்டும், புள்ளியைத் தேடாமல் பார்க்கவும் நிறையப் பயிற்சி வேண்டும். அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம். போடும்போது ஸ்க்ரூவின் தலையிலிருந்து பக்கத்து உலோகம் வரை பெயின்ட் பேனாவால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். கோடு விலகியிருந்தால் ஸ்க்ரூ தளர்கிறது என்று பார்த்ததுமே தெரியும்.

வாங்குவதற்கு முன்னால் பாலிசியைப் படித்து, ஒவ்வொரு மாற்றத்துக்கும் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். சார்ஜன்ட் வாயால் சொன்னது நாளைக்கு உதவாது. நம் மாநில விதிப்படி வருஷா வருஷம் நடக்கும் தகுதிச் சுடுதலில் குறைந்தது 50 ரவுண்ட் சுட வேண்டும். அதில் 5 டூட்டி தோட்டா. அது வெறும் குறைந்தபட்சம். லைட்டைப் பொருத்திய பிறகு, டிபார்ட்மென்ட் தரும் அதே தோட்டாவில் சில மேகசின்களாவது சுட்டு, ஒன்றுகூடச் சிக்கவில்லை என்று பார்த்துவிட்டு இடுப்பில் மாட்டுங்கள். இன்னொன்றும் மனதில் இருக்கட்டும். டூட்டியில் சுட நேர்ந்தால் துப்பாக்கியைச் சாட்சியப் பொருளாக எடுத்துக்கொள்வார்கள். சொந்தத் துப்பாக்கியாக இருந்தாலும் திரும்பி வர நாளாகும். அப்போது என்ன செய்வது என்று இப்போதே உங்கள் மேலதிகாரியிடம் கேட்டு வையுங்கள்.

கேள்வி: என் கணவரும் போலீஸ்தான். டூட்டி முடிந்து வந்ததும் துப்பாக்கியைக் காலி செய்து அலமாரி மேல் வைக்கிறார், காலையில் மறுபடி லோடு செய்கிறார். பையனுக்கு ஐந்து வயது. இது சரியா?
– ஒரு வாசகி, ஹூஸ்டன்

பதில்: சரியில்லை அம்மா. அலமாரி உயரம் ஐந்து வயதுப் பையனுக்கு ஒரு நாற்காலி தூரம்தான். டெக்சாஸ் சட்டப்படி, லோடு செய்த துப்பாக்கியை அஜாக்கிரதையாக விட்டு, அது 17 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் கைக்குக் கிடைத்தால் குற்றம். வாசலுக்குப் பக்கத்தில், சுவரில் போல்ட் போட்ட ஒரு சின்னப் பூட்டுப்பெட்டி வாங்குங்கள். ஹோல்ஸ்டரிலிருந்து துப்பாக்கியை எடுக்காமல், பெல்ட்டோடு அப்படியே உள்ளே வைத்துப் பூட்டட்டும். தினமும் காலி செய்து லோடு செய்கிற அந்த வேலையில்தான் வீட்டுக்குள் தவறிச் சுடுவது நடக்கிறது. நான் பார்த்தவரை அப்படித்தான். இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. ஒரே தோட்டா திரும்பத் திரும்ப சேம்பருக்குள் (சுடும் முன் தோட்டா உட்காரும் அறை) போனால் அதன் முனை உள்ளே அமுங்கலாம். அப்படி அமுங்கியதைச் சுடும்போது உள்ளழுத்தம் எக்கச்சக்கமாக ஏறும். மேகசினின் மேல் தோட்டாவைப் புதுத் தோட்டா ஒன்றின் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். உயரம் குறைந்திருந்தால் அதைத் தூக்கிப் போட்டுவிடட்டும்.