தானாக முளைக்கும் கீரைகளையும் காய்கறிக் கழிவுகளையும் வைத்து வீட்டில் சமைக்க முடியுமா?

கேள்வி இதுதான்: விதைக்காமல் தானாக முளைக்கும் கீரைகளைப் பறித்துச் சமைப்பது, காய்கறித் தோல், தண்டு, இலைகளைக் குப்பையில் போடாமல் பயன்படுத்துவது, இந்த இரண்டையும் அன்றாடம் செய்ய முடியுமா, எங்கே தொடங்குவது?

முடியும். நான் ஏழெட்டு வருடமாகச் செய்கிறேன். ஆனால் இரண்டையும் ஒரே கேள்வியில் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்களே, நான் முதலில் சறுக்கியதும் அங்கேதான்.

ஆரம்பத்தில் எனக்கு எதையும் கொட்ட மனம் வராது. குப்பைக்கீரை வேகவைத்த தண்ணீரையும் சத்து என்று எடுத்து வைப்பேன். அதில் கேரட் தோல், வெங்காயத் தோல் எல்லாவற்றையும் போட்டுச் சுண்டக் காய்ச்சி, வடிகட்டி, சூப் என்று வீட்டில் எல்லோருக்கும் கொடுப்பேன். குடித்த பிறகு பல்லில் ஒரு நரநரப்பு இருக்கும். அதையும் இரும்புச்சத்து என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். என் கணவருக்கு முன்பே ஒருமுறை சிறுநீரகக் கல் வந்து போயிருந்தது. மறுபரிசோதனைக்குப் போனபோது மருத்துவர் சாப்பாட்டைப் பற்றி விசாரித்தார். நான் பெருமையாகச் சூப் கதையைச் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு, "அந்தத் தண்ணீரையா குடிக்கிறீர்கள்?" என்று கேட்டார்.

அந்த நரநரப்புக்குக் காரணம், கீரைகளில் இயற்கையாகவே இருக்கும் ஆக்சலேட் என்ற பொருள். குப்பைக்கீரை, முள்ளுக்கீரை, பருப்புக்கீரை, புளியாரை எல்லாவற்றிலும் அது நிறைய உண்டு. சிறுநீரகக் கற்களில் பெரும்பாலானவை கால்சியம் ஆக்சலேட் கற்கள்தான். கீரையிலுள்ள ஆக்சலேட்டில் ஒரு பகுதி தண்ணீரில் கரையும் என்பதால், நிறையத் தண்ணீரில் கீரையை வேகவைத்து வடித்தால் கணிசமாகக் குறைந்துவிடும். ஆவியில் வேகவைத்தால் அவ்வளவு குறையாது. நான் செய்ததோ, கீரையிலிருந்து இறங்கிய ஆக்சலேட்டைப் பத்திரமாகப் பிடித்துச் சுண்டவைத்துப் பரிமாறியது! கழிவுச் சமையலில் எதையும் கொட்டக் கூடாது. காட்டுக்கீரையில் முதல் தண்ணீரைக் கொட்டியே ஆக வேண்டும். இந்த இரண்டு வழக்கத்தையும் ஒரே பாத்திரத்தில் கலக்காதீர்கள். வடித்த தண்ணீரை, உப்புப் போடாமல் இருந்தால், ஆறவைத்துச் செடிக்கு ஊற்றலாம். வைட்டமின் சி-யும் கொஞ்சம் அதோடு போகும்தான், போகட்டும். கீரையோடு தயிர் சேர்த்துச் சாப்பிட்டால் அதிலுள்ள கால்சியம் ஆக்சலேட்டைக் குடலிலேயே பிடித்துவைக்கும். ஏற்கெனவே கல் வந்தவர்கள் இந்த வகைக் கீரைகளை மருத்துவரிடம் கேட்காமல் தொடங்க வேண்டாம். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்களும் அப்படியே. கீரையில் வைட்டமின் கே அதிகம், திடீரென்று அளவைக் கூட்டினால் மருந்தின் வேலை குறையும்.

சரி, எதைப் பறிப்பது? ஒரே ஒரு கீரையில் தொடங்குங்கள். என் தேர்வு பருப்புக்கீரை. சதைப்பற்றுள்ள சிறிய இலை, வழவழப்பான செந்நிறத் தண்டு, மஞ்சள் பூ, தரையோடு படர்ந்து கிடக்கும். அதே இடத்தில், அதே மாதிரி படர்ந்து, பால் வடியும் அம்மான் பச்சரிசி இனத்துச் செடிகளும் முளைக்கும். தண்டை ஒடித்துப் பாருங்கள். வெள்ளைப் பால் வந்தால் தூக்கிப் போடுங்கள். பருப்புக்கீரையில் பால் வராது. தண்ணீர் குறைவான நிலத்தில் இந்தச் செடி இரவில் கரியமில வாயுவை இழுத்து மாலிக் அமிலம் என்ற புளிப்புப் பொருளாகச் சேர்த்து வைத்து, பகலில் செலவழிக்கும். அதனால் காலையில் பறித்தால் புளிப்பு, மாலையில் பறித்தால் சாது. வேகவைத்து வடித்த பிறகு, நான் காலையில் பறிப்பதை வெங்காயத்தோடு வதக்குவேன், மாலையில் பறிப்பதைப் பருப்போடு கடைவேன்.

மணத்தக்காளி இலை நல்லதுதான், ஆனால் பச்சைக் காயை விட்டுவிடுங்கள், அதில் நச்சு இருக்கும். கொத்துக் கீரையை வாரிக்கொண்டு வரும்போது நடுவே ஊமத்தைக் கன்று இருக்கிறதா என்றும் பாருங்கள். சும்மா பயமுறுத்தவில்லை. 2022 டிசம்பரில் ஆஸ்திரேலியாவில், கடையில் விற்ற பாக்கெட் பசலைக்கீரையிலேயே ஊமத்தை கலந்துபோய், சாப்பிட்டவர்களுக்கு மனக்குழப்பமும் படபடப்பும் வந்து, கீரையைத் திரும்பப் பெற்றார்கள். பண்ணையிலேயே அப்படி என்றால் நம் அவசரக் கையை எப்படி நம்புவது? சந்தேகம் வந்த செடியை நாக்கில் வைத்துச் சோதிக்கவே வேண்டாம். கைப்பேசிச் செயலி சொல்லும் பெயரையும் முடிவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கீரை தெரிந்த ஒருவரோடு நாலு முறை கூடவே போய்ப் பறிப்பதற்கு ஈடு கிடையாது.

இடமும் முக்கியம். சாலையோரம், ரயில் பாதை, சாக்கடைக் கரை, பழைய வண்ணப்பூச்சு உதிர்ந்த சுவரோரம் எதுவும் வேண்டாம். ஈயம் கலந்த பெட்ரோல் உலகத்தில் கடைசியாக விற்பனையில் இருந்தது 2021 வரை. அந்த ஈயம் பல சாலையோர மண்ணில் இன்னும் கிடக்கிறது, கழுவினால் போகிற சமாச்சாரம் இல்லை. சுற்றிலும் செடிகள் சுருண்டு மஞ்சளாகித் தொங்கினால் களைக்கொல்லி அடித்திருக்கிறார்கள் என்று நினைத்துத் திரும்பி வந்துவிடுங்கள். கழுவும்போது அகலமான பாத்திரத்தில் முக்கி, கீரையைக் கையால் மேலே அள்ளி எடுங்கள். தண்ணீரைச் சாய்த்து வடித்தால் அடியில் தங்கிய மணல் மறுபடி கீரை மேலேயே விழும்.

இனி கழிவு. இதில் சொல்ல அவ்வளவு இல்லை, எளிது. ஃப்ரீசரில் ஒரு பை வைத்து, வெங்காயத்தின் வெளித்தோல், கேரட் தோல், கொத்தமல்லித் தண்டு, காளான் காம்பு எல்லாம் கழுவிச் சேர்த்து வையுங்கள். நிறைந்ததும் முக்கால் மணி நேரம் கொதிக்கவைத்து வடிகட்டினால் சூப்புக்கு நல்ல அடித்தண்ணீர். வெங்காயத் தோல் அழகான பழுப்பு நிறம் தரும். முட்டைக்கோஸ், காலிஃபிளவர் துண்டுகளை மட்டும் இதில் போடாதீர்கள், நேரமாக ஆகக் கந்தக வாடை தூக்கும். காலிஃபிளவர் தண்டின் நாரைச் சீவிவிட்டு உள்பகுதியைப் பொடியாக நறுக்கி வதக்கினால், பூவைவிட எனக்கு அதுதான் பிடிக்கும்.

முள்ளங்கி இலை, பீட்ரூட் இலை இரண்டும் முழுக்க கீரைதான், அவற்றைக் கழிவு என்று சொல்வதே தப்பு. ஆனால் பீட்ரூட் இலையிலும் ஆக்சலேட் அதிகம், அதற்கும் வடிக்கும் விதிதான். தர்ப்பூசணியின் வெள்ளைப் பகுதி வெள்ளரிக்காய் மாதிரி எதிலும் சேரும்.

உருளைக்கிழங்குத் தோலை எண்ணெய் தடவி மொறுமொறுவென்று சுடலாம், பச்சை படிந்திருந்தால் மட்டும் வேண்டாம். வெளிச்சம் பட்டுப் பச்சையான கிழங்கில் சோலனின் என்ற நச்சு கூடியிருக்கும், அது தோலில்தான் அதிகம், வேகவைத்தாலும் அழியாது. முளைவிட்ட கண்ணையும் ஆழமாகத் தோண்டி எடுத்துவிடுங்கள். தக்காளி இலையும் என் பைக்குள் போவதில்லை.

அப்புறம், சமைத்த கீரையை இரவு முழுவதும் வெளியே வைக்காதீர்கள். அதிலுள்ள நைட்ரேட் என்ற உப்பை நுண்ணுயிர்கள் கெடுதலான நைட்ரைட்டாக மாற்றும். மிச்சத்தை ஆறியதும் ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாள் முடித்துவிடுங்கள். எங்கள் வீட்டில் சூப் வைத்தால் இன்றைக்கும் ஒரு குரல் கேட்கும்: "இது எந்தத் தண்ணீர்?"