கம்பெனி அனுப்பிய பெர்சனாலிட்டி டெஸ்டை எப்படி எழுதுவது?

கேள்வி: அக்கா, எனக்கு 24 வயது. கணக்கியல் டிப்ளோமா முடித்து, பிறையில் ஒரு தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் கிராணியாக இருக்கிறேன். நாள் முழுக்க யாரோடும் பேச்சே இல்லை, பிடிக்கவில்லை. எனக்குப் பொருத்தமான வேலை எது என்று பார்க்க இணையத்தில் இரண்டு இலவச டெஸ்ட் எழுதினேன். ஒன்று ஆசிரியை என்கிறது, இன்னொன்று தொழில்முனைவர் என்கிறது. இதற்கிடையில் பாயான் லெப்பாஸில் ஒரு கம்பெனியில் மனிதவளப் பிரிவு உதவியாளர் வேலைக்கு விண்ணப்பித்தேன். நேர்முகத்துக்கு முன்பே பெர்சனாலிட்டி டெஸ்ட் எழுதச் சொல்லி லிங்க் அனுப்பியிருக்கிறார்கள். உள்ளபடி எழுதவா, வேலைக்கு ஏற்ற மாதிரி எழுதவா?
— வாசகி, பட்டர்வொர்த்

பதில்: அந்த லிங்குக்குக் கெடு இருக்கும், அதையே முதலில் பார்ப்போம். உள்ளபடி எழுதுங்கள் தங்கச்சி. நல்ல பிள்ளையாக இருக்கச் சொல்லி உபதேசம் செய்யவில்லை. நடிப்பதால் உங்களுக்கு லாபம் குறைவு, அவ்வளவுதான்.

இந்த டெஸ்ட்கள் பெரும்பாலும் இரண்டு மாதிரி வரும். ஒன்றில் "புதியவர்களோடு பேசுவது எனக்குச் சுலபம்" என்பதுபோல ஒரு வாக்கியம் தந்து, எந்த அளவுக்கு ஒத்துக்கொள்கிறீர்கள் என்று 1 முதல் 5 வரை குறிக்கச் சொல்வார்கள். எல்லாவற்றுக்கும் 5 போட்டுவிடலாம் என்றுதான் கை போகும். அதைப் பிடிப்பதற்காகவே "எனக்கு யார் மேலும் கோபம் வந்ததில்லை", "நான் பொய் சொன்னதே இல்லை" மாதிரியான வாக்கியங்களைச் சில டெஸ்ட்களில் இடையிடையே சொருகியிருப்பார்கள். அதற்கும் 5 போட்டால், தன்னை மிகைப்படுத்திக் காட்டுகிறார் என்று அறிக்கையில் குறிப்பு விழும். அப்புறம் உங்கள் மற்ற பதில்களையும் சந்தேகத்தோடுதான் படிப்பார்கள்.

இன்னொரு மாதிரி, டிஸ்க் (DISC) என்ற வகை. நான்கு சொற்களைக் கொடுத்து, உங்களுக்கு மிகவும் பொருந்துவது எது, கொஞ்சமும் பொருந்தாதது எது என்று கேட்கும். நான்கும் நல்ல குணமாகவே இருக்கும் என்பதால் எது "சரியான" விடை என்று ஊகிக்க முடியாது. இதற்கு அடிப்படையான கருத்தை 1928இல் வெளியிட்டவர் வில்லியம் மார்ஸ்டன் என்ற அமெரிக்க உளவியலாளர். காமிக்ஸ் நாயகி வொண்டர் உமன் பாத்திரத்தை உருவாக்கியவரும் இவர்தான்! இந்த வகையில் வரும் மதிப்பெண், உங்களுக்குள்ளேயே எந்தக் குணம் தூக்கலாக இருக்கிறது என்று மட்டும்தான் காட்டும். உங்களையும் இன்னொரு விண்ணப்பதாரரையும் பக்கத்தில் வைத்து யார் மேல் என்று சொல்ல அது உதவாது. இது தெரியாமல் அந்த அறிக்கையை மட்டும் பார்த்து ஆளைக் கழிக்கிற கம்பெனி என்றால், அங்கே வேலை கிடைக்காததற்கு நான் பெரிதாக வருத்தப்பட மாட்டேன்.

எழுதும்போது ஒன்றை மனதில் வையுங்கள். வீட்டில் இருக்கும் உங்களை நினைத்துப் பதில் சொல்லாதீர்கள், வேலையிடத்தில் இருக்கும் உங்களை நினைத்துச் சொல்லுங்கள். தம்பியோடு மல்லுக்கு நிற்பவர் மேலதிகாரியிடம் பொறுமையாக இருக்கலாம். இரண்டும் நீங்கள்தான், ஆனால் கம்பெனி கேட்பது இரண்டாவதை. மலாய், ஆங்கிலம் என்று மொழி தேர்வு செய்ய விட்டால், உங்களுக்குச் சட்டென்று புரிகிற மொழியில் எழுதுங்கள்.

கம்பெனி இதில் எதைத் தேடுகிறது? பேரிக், மவுண்ட் என்ற இருவர் 1991இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, எல்லா வகை வேலையிலும் நல்ல செயல்பாட்டோடு ஒத்துப்போன குணமாகப் பொறுப்புணர்வைத்தான் கண்டார்கள். கலகலப்பாகப் பேசுவது விற்பனை, நிர்வாகம் போன்ற வேலைகளில்தான் கைகொடுத்தது. பொறுப்புணர்வுக்கும் வேலைக்கும் உள்ள தொடர்புகூட மிதமானதுதான். ஆகவே ஒரு டெஸ்டை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

சரி, நீங்களாக எழுதிய டெஸ்ட்களுக்கு வருவோம். பதினாறு வகை மனிதர்கள் என்று பிரிக்கும் டெஸ்ட் என்றால், அதை வைத்து வேலையை முடிவு செய்யாதீர்கள். அந்த வகையில் புகழ்பெற்ற மையர்ஸ் பிரிக்ஸை விற்கிற நிறுவனமே, ஆள் எடுக்க அதைப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. நடுவில் கோடு போட்டுப் பிரிப்பதால், கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பவர் மறுமுறை எழுதினால் வேறு வகைக்குள் போய்விடலாம். ஆனாலும் படிக்கும்போது "என்னையே எழுதியிருக்கிறார்கள்" என்று தோன்றும். பெர்ட்ராம் ஃபோரர் என்ற உளவியல் ஆசிரியர் 1948இல் தம் மாணவர்கள் எல்லோருக்கும் ஒரே குணவிவரத்தை, அவரவருக்குத் தனியாக எழுதியதுபோல் கொடுத்தார். பொருத்தத்துக்கு அவர்கள் போட்ட சராசரி மதிப்பெண் 5க்கு 4.26. விவரத்தை அவர் எடுத்தது ஒரு ஜோசியப் புத்தகத்திலிருந்து. கைரேகையை ஸ்கேன் செய்து தொழில் சொல்கிறோம் என்று பணம் கேட்பவர்கள் பக்கம் போகவே வேண்டாம், அதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை.

விருப்பத்தை அளக்கும் டெஸ்ட் இவற்றைவிட உருப்படியானது. 1959இல் ஜான் ஹாலண்ட் வகுத்த ஆறு வகைகள்தான் பெரும்பாலானவற்றுக்கு அடிப்படை: கைவேலை, ஆராய்ச்சி, கலை, மனிதரோடு பழகுதல், முன்னின்று நடத்துதல், ஒழுங்காகப் பதிவு வைத்தல். அமெரிக்கத் தொழிலாளர் துறையின் ஓநெட் தளத்தில் 60 கேள்விகளுடன் இலவசமாக ஒன்று இருக்கிறது. அது உங்களுக்கு என்ன பிடிக்கும் என்று சொல்லும், என்ன வரும் என்று சொல்லாது. வேலைப் பெயர்களை விட்டுவிட்டு, அதிக மதிப்பெண் வரும் இரண்டு வகைகளை மட்டும் பாருங்கள். அப்படிப் பார்த்தால் உங்கள் "ஆசிரியை", "தொழில்முனைவர்" இரண்டிலும் மனிதர்கள் இருக்கிறார்கள். கணக்கு என்பது பதிவு வைக்கும் வகை. உங்களுக்குக் குறைவது ஆள் பழக்கம்தான் என்று உங்கள் கடிதமே சொல்கிறது.

ஆனால் மனிதவளப் பிரிவில் நாள் முழுக்க மனிதர்களோடுதான் வேலை என்று நம்பிப் போகாதீர்கள். உதவியாளர் நிலையில் வருகைப் பதிவு, சம்பளப் பட்டியல், இ.பி.எஃப். (ஓய்வுக்காலச் சேமநிதி), பெர்கேசோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) சந்தா, லீவு ஃபைல், சில தொழிற்சாலைகளில் அந்நியத் தொழிலாளர் பெர்மிட் என்று பாதிக்கு மேல் மறுபடியும் கணக்கும் காகிதமும்தான். இதில் உங்கள் அனுபவம் பலம், நேர்முகத்தில் அதைச் சொல்லுங்கள். கூடவே கேளுங்கள்: "ஒரு நாளில் எவ்வளவு நேரம் சம்பள வேலை, எவ்வளவு நேரம் ஆள் எடுப்பது, பயிற்சி?" டெஸ்ட் அறிக்கையின் பிரதி கிடைக்குமா என்றும் கேட்கலாம். மலேசியாவின் 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், உங்களைப் பற்றிய தகவலைக் கேட்டுப் பார்க்கும் உரிமையைத் தருகிறது.

வேலைக் கடிதம் கைக்கு வரும்வரை பிறையில் ராஜினாமா கொடுக்க வேண்டாம். நாமாக விலகினால் பெர்கேசோவின் எஸ்.ஐ.பி. (வேலையிழப்புக் காப்புறுதி) உதவித்தொகை கிடைக்காது. இந்த வாய்ப்பு தவறினாலும், பெர்கேசோ நடத்தும் மைஃபியூச்சர்ஜாப்ஸ் தளத்தில் இலவசமாகப் பதிந்து, சம்பளப் பிரிவோடு பணியாளர் நலனும் சேர்ந்த வேலைகளைத் தேடுங்கள்.