ஓ பாசிட்டிவ் மகன், பி நெகட்டிவ் அம்மா

கேள்வி: அம்மாவுக்கு வயது 61. இன்னும் பத்து நாளில் இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை. அவருடைய ரத்தம் பி நெகட்டிவ், என்னுடையது ஓ பாசிட்டிவ். ஓ பிரிவை எல்லோருக்கும் கொடுக்கலாம் என்று நம்பிப் போனேன். அம்மாவுக்கு ஆகாது என்று ரத்த வங்கியில் சொல்லிவிட்டார்கள். மருத்துவமனை வாசலில் ஒருவர், ‘பொருத்தம் பார்த்த’ பி நெகட்டிவ் ரத்தம் தருவதாகச் சொல்லிப் பணம் கேட்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். அந்த ஆளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

எல்லோருக்கும் கொடுக்கலாம் என்ற பெருமை ஓ நெகட்டிவுக்கு உரியது, அதுவும் சிவப்பணுவுக்கு மட்டும். ஓ பிரிவுச் சிவப்பணுவில் ஏ, பி என்ற அடையாளங்கள் இரண்டும் கிடையாது. ஆனால் உங்கள் சிவப்பணுவில் ‘டி’ என்ற இன்னோர் அடையாளம் இருக்கிறது. பாசிட்டிவ் என்பதன் பொருளே அதுதான். அம்மாவிடம் அது இல்லை. ஆகவே அவருக்கு பி நெகட்டிவ், கிடைக்காவிட்டால் ஓ நெகட்டிவ். பிளாஸ்மாவுக்குக் கணக்கு தலைகீழ். அது இப்போது உங்களுக்கு வேண்டாம். (பி தாய்க்கு ஓ பிள்ளையா என்று உறவினர் யாராவது புருவத்தை உயர்த்தினால் காதில் வாங்காதீர்கள். பி பிரிவுக்காரரிடம் ஓ மரபணு ஒளிந்திருப்பது சாதாரணம்.)

உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தருவது வேறு. தன்னிடம் இல்லாத அடையாளமுள்ள சிவப்பணுவைத் தாக்க உடல் தயாரிக்கும் பொருளுக்கு எதிர்ப்பொருள் என்று பெயர். ஏ, பி அடையாளங்களுக்கான எதிர்ப்பொருள் பிறந்த சில மாதங்களிலேயே தானாக உண்டாகிவிடும். டி அப்படியல்ல. டி உள்ள ரத்தம் ஒரு முறையாவது உடலுக்குள் போனால்தான் எதிர்ப்பொருள் பிறக்கும். ரத்தம் ஏற்றித்தான் போக வேண்டும் என்பதில்லை. நீங்கள் பாசிட்டிவ். உங்களை அம்மா சுமந்தார். பிரசவத்தின்போது உங்கள் ரத்தம் சிறிதளவு அவருடைய ரத்தத்தில் கலந்திருக்கக்கூடும். அதனால் எதிர்ப்பொருள் உண்டாவதைத் தடுக்கும் ஆன்டி-டி ஊசி 1968-இல் பயன்பாட்டுக்கு வந்தது. பிரசவமான 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும். அம்மாவுக்குப் போட்டார்களா? உங்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. அவரையே கேளுங்கள். மற்றப் பிரசவங்கள், கருச்சிதைவு, முன்பு எப்போதாவது ரத்தம் ஏற்றியது எல்லாவற்றையும் கேட்டு ஒரு தாளில் எழுதி மருத்துவரிடம் கொடுங்கள்.

உயிர் போகும் அவசரத்தில், நெகட்டிவ் கிடைக்காதபோது, வயதான நெகட்டிவ் நோயாளிக்கு பாசிட்டிவ் ஏற்றுவது உண்டு. அதை எங்கேயோ கேள்விப்பட்டுக்கொண்டு யாராவது உங்களிடம் ‘ஒன்றும் ஆகாது’ என்பார்கள். எதிர்ப்பொருள் ஏற்கெனவே இல்லாதவருக்குத்தான் அந்தச் சலுகை. உங்கள் அம்மா அந்தக் கூட்டத்தில் இருக்கிறாரா என்பதைச் சோதனைதான் சொல்லும். அந்தச் சோதனையிலும் ஒரு கண்ணி இருக்கிறது: எதிர்ப்பொருள் ஆண்டுகள் போகப் போகக் குறைந்து, கண்ணில் படாமல் போகலாம். மறுபடி அதே அடையாளத்தைக் கண்டதும் சில நாட்களில் பொங்கி எழுந்து, ஏற்றிய சிவப்பணுவை உடைக்கும். அந்தத் தாளை எழுதச் சொன்னது இதற்காகத்தான். பிரிவோடு எதிர்ப்பொருள் சோதனையும் இந்த வாரமே முடியட்டும். பெரும்பாலும் இதை அறுவைக்கு முந்தைய மாலையில்தான் செய்கிறார்கள். சிக்கல் தெரிந்த பிறகு ரத்தம் தேட ஓர் இரவுதான் மிஞ்சுகிறது. எத்தனை முறை சொன்னாலும் மாறாத பழக்கம் இது.

மகன் ரத்தம் தாய்க்கு நல்லது என்ற நம்பிக்கையையும் விட்டுவிடுங்கள். பிரிவு பொருந்தினாலும் நெருங்கிய உறவினரின் வெள்ளையணுக்களை உடல் அந்நியமென்று அறியாமல் விட்டுவிட, அவை உள்ளிருந்தே தாக்கத் தொடங்கலாம். அரிதுதான், ஆனால் வந்தால் பெரும்பாலும் உயிர் பிழைப்பதில்லை. அதனால்தான் உறவினர் ரத்தத்தைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தியே ஏற்றுவார்கள்.

இப்போது வாசலில் நிற்பவர். ‘பொருத்தம் பார்த்த’ ரத்தம் என்கிறாரே, எதனோடு பொருத்திப் பார்த்தார்? அம்மாவின் ரத்த மாதிரி இல்லாமல் யாராலும் பொருத்தம் பார்க்க முடியாது. அந்தச் சொல் ஒன்றே அவர் பொய்யர் என்பதற்குச் சான்று. சிவப்பணுப் பையை 2 முதல் 6 டிகிரி செல்சியஸ் குளிரில் வைத்திருக்க வேண்டும். அவர் துணிப்பையில் கொண்டுவருவார். சீட்டை எந்தப் பையிலும் ஒட்டலாம். பணத்துக்காக ரத்தம் விற்பவன் தன் நோயை மறைப்பான். தொற்றின் முதல் நாட்களில் பரிசோதனையும் அதைத் தவறவிடும். பையை அல்லாமல் ஆளையே கூட்டிவந்து, ‘சித்தப்பா மகன் என்று எழுதுங்கள்’ என்று சொல்லிக் கொடுப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். ஒப்புக்கொள்ளாதீர்கள்.

அறுவை சிகிச்சை மருத்துவரிடம், பி நெகட்டிவ் இரண்டு பை கேட்டு ரத்த வங்கிக்கு இன்றே எழுதித்தரச் சொல்லுங்கள். தங்களிடம் இல்லையென்றால் மற்ற வங்கிகளிடம் கேட்க வேண்டியது அவர்கள் வேலை. லாண்ட்ஸ்டைனர் 1901-இல் பிரிவுகளைக் கண்டு சொன்னார். இத்தனை காலம் ஆகியும் ஒரு வங்கி இன்னொரு வங்கியைத் தொலைபேசியில் அழைப்பதற்குப் பதில், நோயாளியின் பிள்ளையைத் தெருத்தெருவாக ஓடவிடுகிறார்கள். தரகருக்குப் பிழைப்பு கொடுப்பது இந்தச் சோம்பல்தான். நீங்கள் ஓடாதீர்கள், எழுத்தில் பதில் கேளுங்கள்.

அம்மாவின் ஹீமோகுளோபின் அளவையும் இன்றே பாருங்கள். இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் மருத்துவர் இப்போதே சரிசெய்யத் தொடங்கலாம்; ரத்தமே தேவைப்படாமலும் போகலாம். ஏற்ற நேர்ந்தால், பை கட்டிலருகே வந்ததும் அம்மா தன் பெயரைத் தானே சொல்லட்டும். செவிலியர் அதையும் கைப்பட்டையையும் பையின் சீட்டையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகு ஊசியைப் பொருத்தட்டும்.