தனியாகப் போவதா, டூர் குழுவோடு போவதா?

கேள்வி: எனக்கு 49 வயது. இதுவரை வெளிநாடு போனதில்லை. அடுத்த ஆண்டு 12 நாள் விடுப்பு கிடைக்கும். கணவருக்குப் பயணத்தில் நாட்டமில்லை, "நீ போய்விட்டு வா" என்கிறார். டூர் கம்பெனியில் பணத்தைக் கட்டிவிட்டு நிம்மதியாகப் போகச் சொல்கிறாள் மகள். மந்தை மாதிரி பஸ்ஸில் ஏறி இறங்கவா இவ்வளவு செலவு, தனியாகவே போ என்கிறாள் தோழி. மனதில் மூன்று நாடுகள் இருக்கின்றன: இத்தாலி, ஜப்பான், பெரு. தெரியாத ஊரில் இரவில் தனியாகப் போய் இறங்குவதும், நடுவில் உடம்புக்கு முடியாமல் போவதும்தான் என் பயம். எது எனக்குச் சரிப்படும்?

பதில்: உங்கள் கடிதத்தில் எங்களுக்கு உதவுவது கடைசி வரிதான். மகளும் தோழியும் அவரவர் விருப்பத்தைச் சொல்கிறார்கள். நீங்கள்தான் பயம் எதில் என்று சரியாகச் சொல்லியிருக்கிறீர்கள். இரவில் போய் இறங்கும் பயம் தீர டூர் தேவையில்லை. உடம்புக்கு முடியாமல் போகும் பயத்துக்கு டூர் மட்டும் போதாது.

இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் பலர் இது தெரியாமலே பணம் கட்டுகிறார்கள். குழுவில் ஒருவர் நோயில் விழுந்தால் குழு நிற்காது. மற்ற நாற்பது பேருக்கும் அடுத்த ஊரில் ஓட்டல், நேரம் குறித்த நுழைவுச்சீட்டு எல்லாம் வாங்கியாகிவிட்டது. டூர் மேனேஜர் உங்களை மருத்துவமனையில் சேர்ப்பார், காப்பீட்டு நிறுவனத்தோடு பேச உதவுவார், உள்ளூர் ஏஜென்ட் ஒருவரின் எண்ணைத் தருவார். மறுநாள் காலை குழுவோடு பஸ் ஏறிவிடுவார். அதற்கு மேல் நீங்களும் தனிப் பயணிதான். ஆகவே எந்த வழியில் போனாலும் காப்பீட்டுப் பத்திரத்தை வரி விடாமல் படிக்க வேண்டும். மருத்துவமனைக் கட்டணத்தை நிறுவனமே நேராகக் கட்டுமா, நீங்கள் கட்டிவிட்டுப் பிறகு கேட்க வேண்டுமா? வேறு ஊருக்கோ சொந்த நாட்டுக்கோ மருத்துவ வசதியோடு கொண்டுபோகும் செலவு உண்டா? நீங்கள் படுத்துவிட்டால் வீட்டிலிருந்து ஒருவர் வந்து உடனிருக்க விமானக் கட்டணம் தருவார்களா? சர்க்கரை, ரத்த அழுத்தம் போல ஏற்கெனவே உள்ள நோய்களை எழுத்தில் ஏற்றுக்கொண்டிருக்கிறார்களா? நோயைச் சொல்லாமல் வாங்கிய பத்திரம் ஆஸ்பத்திரி வாசலில் கைவிட்டுவிடும். இத்தாலிக்கு ஷெங்கன் விசா (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா) எடுப்பவர்கள் குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு காட்ட வேண்டும். அது விசா அதிகாரிக்கான அடிமட்டத் தொகை. அதையே உங்கள் தேவைக்கும் அளவாக வைத்துக்கொள்ள வேண்டாம்.

இரவுப் பயத்தின் பாதியை விமானச்சீட்டு வாங்கும்போதே தீர்த்துவிடலாம். அந்த ஊர் நேரப்படி பிற்பகல் இரண்டு மணிக்குள் தரையிறங்கும் விமானமாகப் பாருங்கள், விலை சற்றுக் கூடினாலும் சரி. குடிவரவு வரிசை, பெட்டி, சுங்கம் எல்லாம் முடிய இரண்டு மணி நேரம்கூட ஆகலாம். முதல் இரண்டு இரவுக்கு, 24 மணி நேரமும் ரிசப்ஷனில் ஆள் இருக்கும் ஓட்டல் வேண்டும். சாவியைப் பெட்டியில் போட்டுவிட்டுத் திறக்கும் எண்ணை மெசேஜில் அனுப்பும் வாடகை வீடுகள் முதல் இரவுக்கு ஆகாது. எண் வேலை செய்யாவிட்டால் பெட்டியோடு தெருவில் நிற்கப் போவது நீங்கள்தான். விமான நிலையத்திலிருந்து வண்டியை ஓட்டல் வழியாகவே ஏற்பாடு செய்து, வண்டி எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஓட்டுநரிடம் உங்கள் பெயரை முந்திக்கொண்டு சொல்லாதீர்கள், யாரை அழைத்துப்போக வந்தார் என்று அவரே சொல்லட்டும். ரிசப்ஷனில் உங்கள் அறை எண்ணைப் பத்துப் பேர் காதில் விழச் சொன்னால் கூச்சப்படாமல் வேறு அறை கேளுங்கள். தரைத்தள அறை வேண்டாம். கதவின் அடியில் செருகும் ரப்பர் ஆப்பு ஒன்று பையில் இருக்கட்டும். கதவு உள்பக்கமாகத் திறந்தால்தான் அது பயன்படும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நீங்கள் பயப்படாத ஒன்று இருக்கிறது, அதற்குத்தான் பயப்பட வேண்டும்: ஃபோன் தொலைவது. வரைபடம், டிக்கெட், ஓட்டல் முகவரி, வங்கி ஓடிபி எல்லாம் அதற்குள்தான். சிம் போனால் ஓடிபி வராது, ஓடிபி வராவிட்டால் பல கார்டுகளில் ஆன்லைனில் எதுவும் வாங்க முடியாது. அதனால் உங்கள் சொந்த எண்ணுக்குக் கிளம்பும் முன்பே ரோமிங் போட்டு, அந்த சிம்மைப் பழைய ஃபோன் ஒன்றில் வைத்து ஓட்டல் அறை லாக்கரில் விட்டுவிடுங்கள். வெளியே எடுத்துப்போகும் ஃபோனில் பயணத்துக்கான இ-சிம் (அட்டை செருகாமல் ஃபோனுக்குள்ளேயே பதிவாகும் சிம்) போதும். ஆன்லைனில் வாங்க வேண்டியதைக் காலையிலேயே அறையில் முடித்துவிடுங்கள். இரண்டு கார்டு, இரண்டு வெவ்வேறு வங்கி, இரண்டு வெவ்வேறு பை. ஏடிஎம் திரையில் "உங்கள் நாட்டுப் பணத்தில் கழிக்கட்டுமா" என்று கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள். அந்த மாற்று விகிதம் உங்கள் வங்கி தருவதைவிட மோசமாகவே இருக்கும். ஓட்டல் முகவரியும் வீட்டு எண்கள் இரண்டும் காகிதத்தில் எழுதி இடுப்பில் இருக்கட்டும்.

இனி டூர். அவர்கள் விற்பது முக்கியமாக இடம்பெயர்தல். பெட்டியைக் கதவுக்கு வெளியே வைத்தால் அடுத்த ஊர் அறையில் அது உங்களுக்கு முன்னால் வந்திருக்கும். அந்தச் சுகத்துக்கு நேரத்தில் விலை கொடுக்கிறீர்கள். ஆறு மணிக்கு எழுப்பல், ஏழுக்குச் சிற்றுண்டி, எட்டுக்கு பஸ் என்பது இத்தொழிலின் வழக்கமான கணக்கு. 45 பேர் கழிவறைக்கு இறங்கி ஏறவே அரை மணி நேரம் ஆகும். ஐரோப்பாவில் பஸ் ஓட்டுநர் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிட ஓய்வு எடுத்தே ஆக வேண்டும் என்பது சட்டம். நெடுஞ்சாலைக் கடைகளில் அத்தனை நேரம் நிற்க அதுவும் ஒரு காரணம்.

டூர் நிரலைப் படிக்கும்போது வினைச்சொற்களில் கண் வையுங்கள். "உள்ளே சென்று பார்த்தல்" என்று எழுதியிருந்தால் மட்டுமே நுழைவுச்சீட்டு கட்டணத்தில் அடக்கம். "காணுதல்", "கடந்து செல்லுதல்" என்றால் பஸ் ஜன்னல்தான். "ஃபுளோரன்ஸ் பகுதியில் ஓட்டல்" என்றால் நகரிலிருந்து முக்கால் மணி நேரம் தள்ளியும் இருக்கலாம். மாலையில் தனியாக நடந்துவர முடியாத ஓட்டலில் "ஓய்வு நேரம்" என்று போட்டிருந்து என்ன பயன்? கைவினைப் பட்டறை, தோல் தொழிற்சாலை என்று வருவதெல்லாம் பெரும்பாலும் கமிஷன் கடைகள். ஒவ்வொரு நாளுக்கும் எதிரே பஸ்ஸில் எத்தனை மணி, இடத்தில் எத்தனை மணி என்று கம்பெனியிடமே கேட்டு எழுதுங்கள். பதில் சொல்லத் தயங்கும் கம்பெனியை விட்டுவிடுங்கள்.

தனியாகப் போகிறவர்கள் செய்யும் பெரிய தவறும் இதோடு தொடர்புடையதுதான். டூர் நிரல் ஒன்றை எடுத்து, அதே ஊர்களை, அதே வேகத்தில் தாங்களே சுற்ற முயல்வார்கள். 10 இரவில் ஆறு ஊர் என்பது யாரோ பெட்டி தூக்கும்போது நடக்கும். தனியாக ஒவ்வொரு ஊர் மாற்றமும் அறையைக் காலி செய்வது, ஸ்டேஷன், ரயில், புது வழி கண்டுபிடிப்பது, அறை தயாராகக் காத்திருப்பது என்று அரை நாளைத் தின்றுவிடும். நாலாம் நாளே களைப்பு வரும், களைத்திருக்கும்போதுதான் பை தொலையும், தவறான ரயில் ஏறுவோம். உங்கள் 12 நாளில் போக்குவரத்து போகப் பத்து இரவு மிஞ்சும் என்று வைத்தால், தனியாகப் போனால் மூன்று ஊர்களுக்கு மேல் தங்காதீர்கள். சுற்றுப்புறத்தைப் பகல் பயணமாகப் பார்த்துவிட்டு மாலையில் அதே அறைக்குத் திரும்புங்கள்.

உங்கள் மூன்று நாடுகளும் மூன்று விதம்.

ஜப்பான், முதல்முறை தனியாகப் போகும் பெண்ணுக்கு ஏற்ற நாடுகளில் ஒன்று. ஒருவர் தங்கும் சிறிய பிசினஸ் ஓட்டல் அறைகள் ஸ்டேஷன் பக்கத்திலேயே கிடைக்கும், தனியாகச் சாப்பிடுகிறவரை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பெரிய நகரங்களின் ரயில் தடங்கள் பலவற்றில் நெரிசல் நேரத்தில் பெண்களுக்கு மட்டுமான பெட்டிகள் உண்டு. உங்கள் சூட்கேஸைக் கூரியர் மூலம் அடுத்த ஓட்டலுக்கு அனுப்பிவிட்டுக் கைப்பையோடு ரயில் ஏறலாம், டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு வழக்கமாக மறுநாள் போய்ச் சேரும். டூர் விற்கும் முதல் சுகமே அங்கே தனியாகக் கிடைத்துவிடுகிறது. கவனிக்க வேண்டியவை: கடைசி ரயில் நள்ளிரவை ஒட்டி முடிந்துவிடும். சூடோஎஃபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் உள்ள ஜலதோஷ மருந்துகளைக் கொண்டுபோகத் தடை. போலீஸ் 110, ஆம்புலன்ஸ் 119.

இத்தாலியில் ரோம், ஃபுளோரன்ஸ், வெனிஸ் மூன்றும் ஒரே அதிவேக ரயில் தடத்தில் இருக்கின்றன, தனியாகச் சமாளிக்கலாம். அங்கே சிக்கல் இரண்டு. ஒன்று, முன்பதிவு இல்லாமல் உள்ளே விடாத இடங்கள். மிலானில் "கடைசி விருந்து" ஓவியத்தின் முன் ஒரு பிரிவினருக்கு 15 நிமிடம்தான், ரோமின் போர்கேசே கலைக்கூடத்தில் இரண்டு மணி நேரம். விமானச்சீட்டுக்கு அடுத்து இவற்றைத்தான் பிடிக்க வேண்டும். கிடைக்காவிட்டால் அந்த இடத்துக்கு மட்டும் நுழைவுச்சீட்டோடு வரும் அரை நாள் கைடு பயணம் வாங்கலாம். மற்றது, ரயில் வேலைநிறுத்தம். முன்கூட்டியே அறிவிப்பார்கள். வேலை நாட்களில் காலை 6 முதல் 9 வரையும், மாலை 6 முதல் 9 வரையும் உள்ளூர் ரயில்களில் உத்தரவாதமான சேவை இருக்கும். விமானம் ஏறும் நாளுக்கு முந்தைய இரவே அந்த விமான நிலைய ஊரில் இருந்தால் போதும். அவசர எண் 112.

பெருவில் கைடை வேண்டாம் என்று சொல்லும் உரிமையே ஓரளவுதான். பழைய இன்கா மக்களின் மலைநகரமான மாச்சு பிச்சுவுக்கு நடந்துபோகும் இன்கா மலைப்பாதையில் உரிமம் பெற்ற நிறுவனத்தின் வழியாக மட்டுமே நடக்க முடியும். போர்ட்டர்களையும் சேர்த்து ஒரு நாளைக்கு 500 பேர்தான் அனுமதி, பிப்ரவரியில் பாதை மூடப்படும். பெர்மிட் உங்கள் பாஸ்போர்ட் எண்ணில் வரும், பெயர் மாற்ற முடியாது. உயரமும் ஒரு சிக்கல், திடீரென்று உயரத்துக்குப் போனால் தலைவலி, வாந்தி என்று உயர நோய் வரலாம். கடல்மட்டத்தில் இருக்கும் லிமாவிலிருந்து விமானம் ஒன்றரை மணி நேரத்துக்குள் 3,400 மீட்டர் உயரக் குஸ்கோவில் இறக்கிவிடும். அன்று மாலையே நகர் சுற்றும் டூர்கள் உண்டு, அவற்றைத் தவிருங்கள். இறங்கியதும் சுமார் 2,800 மீட்டரில் இருக்கும் ஒயாந்தாய்தம்போ பக்கம் போய் இரண்டு இரவு தங்கிவிட்டுக் குஸ்கோ ஏறும் நிரலாகத் தேடுங்கள். மாச்சு பிச்சுவே சுமார் 2,430 மீட்டர்தான், குஸ்கோவைவிடத் தாழ்வு. உயர நோய் மாத்திரையைப் பற்றி உங்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

பெருவுக்கு 12 முதல் 16 பேர் கொண்ட சிறு குழுவைப் பாருங்கள். "தனி அறைக் கூடுதல் கட்டணம்" எவ்வளவு என்று முதலிலேயே கேளுங்கள், விளம்பர விலையில் அது இருக்காது. அறையைப் பகிர இன்னொரு பெண்ணைச் சேர்ப்பதாகச் சொன்னால், யாரும் கிடைக்காதபோது அந்தக் கட்டணம் யார் தலையில் விழும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். குறைந்தபட்ச ஆட்கள் சேராவிட்டால் எந்தத் தேதிக்குள் ரத்து செய்வார்கள் என்பதும் முக்கியம். அந்தத் தேதி வரை திரும்பப் பெற முடியாத விமானச்சீட்டை வாங்காதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கப்படும் பேக்கேஜின் விலை 8 சதவீதத்துக்கு மேல் ஏறினால் அபராதமின்றி விலகும் உரிமை உண்டு. உங்கள் ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரி இருக்கிறதா என்று தேடுங்கள்.

பெண்களுக்கு மட்டுமான குழுக்களைப் பற்றியும் நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். பயணிகள் மட்டும் பெண்களா, கைடும் பெண்ணா என்று கேளுங்கள். கைடும் பெண்ணாக இருந்தால், உள்ளூர்ப் பெண்களின் வீட்டுக்குள்ளும் பேச்சுக்குள்ளும் போக வழி கிடைக்கும். அது இல்லாவிட்டால் கூடுதல் விலைக்குக் காரணம் குறைவு. தோழமைக்காக மட்டும் என்றால், தனிப் பயணத்திலேயே முதல் நாள் காலை ஒரு நடைச் சுற்றுலாவில் சேர்ந்துகொள்ளுங்கள். ஊரின் திசையும் பிடிபடும், பேச்சுத் துணையும் கிடைக்கும்.

இந்த முறை ஜப்பானோ இத்தாலியோ, தனியாகப் போங்கள் என்பதே எங்கள் கருத்து. வழி தேடும் வேலை அலுப்பு என்றால், ஓட்டலும் ரயிலும் அவர்களே போட்டு, 24 மணி நேர உதவி எண் தந்து, ஊரை நீங்களே சுற்ற விடும் "கைடு இல்லாத பேக்கேஜ்" ஒன்றை வாங்குங்கள், மகளும் சமாதானமாவாள். பெருவை இன்னொரு விடுப்புக்கு, குழுவோடு வைத்துக்கொள்ளுங்கள். ஷெங்கன் விசாவுக்குப் பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், ரத்து செய்யக்கூடிய ஓட்டல் முன்பதிவுகளை அதற்குக் காட்டுங்கள். காப்பீட்டை மட்டும் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். கிளம்பும் முன்பே பயணம் ரத்தானால் பணம் தரும் பிரிவு பத்திரம் வாங்கிய பிறகு நேர்வதற்குத்தான் செல்லும், ஆகவே முதல் முன்பணம் கட்டும் அன்றே அதையும் வாங்கிவிடுங்கள்.