நடுக்கடலில் மஞ்சள் மிதவை அலையில் அடித்துச் செல்லப்படாமல் எப்படி நிற்கிறது? அது யாருடையது என்று எப்படி அறிவது?

அடியில் ஒரு பெரிய எடை கிடக்கிறது, அவ்வளவுதான். ஆனால் அந்த எடைக்கும் மிதவைக்கும் நடுவே உள்ள கயிறுதான் உண்மையான வேலைப்பாடு. வங்கக்கடலில் சென்னையின் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் மிதவை நிறுத்தும் இடங்களில் ஆழம் 3,000 மீட்டரைக்கூடத் தாண்டும். கயிற்றை விறைப்பாகக் கட்டினால் பெரிய அலையில் அறுந்துவிடும். அதனால் ஆழத்தைவிட நீளமான கயிறு விடுவார்கள். மேல்பகுதி தண்ணீரில் மூழ்கும் நைலான், கீழ்ப்பகுதி மிதக்கும் பாலிப்ரோப்பிலீன். இரண்டும் சேர்ந்து நடுநீரில் S போல வளைந்து நிற்கும்; தொய்வு மேலே வந்து சிக்காது, தரையிலும் உரசாது. எடைக்குச் சற்று மேலே ஒலி கேட்டால் திறக்கும் கொக்கி இருக்கும். மிதவையைத் திரும்ப எடுக்கும்போது கப்பலிலிருந்து ஒலி அனுப்பினால் கயிறு விடுபடும், எடை அங்கேயே தங்கிவிடும்.

இந்த மிதவை காற்று, அலை, நீரோட்டம், வெப்பம் எல்லாம் அளந்து செயற்கைக்கோள் வழியே அனுப்புகிறது. புயல் எச்சரிக்கைக்கு இந்தத் தகவல் அவ்வளவு முக்கியம்.

சரி, அடையாளம்? மஞ்சள் என்றால் சிறப்பு மிதவை, அதாவது கப்பலுக்கு வழிகாட்ட அல்ல, ஆய்வு போன்ற தனி வேலைக்கு நிறுத்தியது. இரவில் ஆய்வு மிதவையின் மஞ்சள் விளக்கு 20 விநாடிக்கு ஒருமுறை ஐந்து தடவை மின்னும். உடலில் BD08 போன்ற பெயர் இருக்கும்; BD என்றால் வங்கக்கடல், AD என்றால் அரபிக்கடல். துறைமுக வாய்க்காலில் காணும் சிவப்பும் பச்சையும் வேறு: நம் பக்கத்தில் உள்ளே நுழையும்போது சிவப்பு இடப்புறம், பச்சை வலப்புறம்.

மிதவையடியில் மீன் கூடும் என்பது உண்மைதான். ஆனாலும் தயவுசெய்து படகை அதில் கட்டாதீர்கள். கயிறு அறுந்தால், அடுத்த புயலில் அந்த இடத்துத் தகவல் கிடைக்காது.